சிவப்புப் பூ யாருக்கு வந்தது

டாக்டர் தெய்வசிகாமணிக்கு அந்த வாரத்தோடு வேலை முடிகிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு பார்க்கிற டாக்டராக வந்தபோது தலை கருகருவென்று இருந்தது. இப்போது முடியும் இல்லை, முழங்காலில் பலமும் இல்லை. நாள் பூரா கரும்புக் கட்டு தூக்கி லாரியில் ஏற்றினவன் சாயங்காலம் எப்படி உட்காருவானோ, அப்படிக் காலையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

எத்தனை நெஞ்சு கேட்டாயிற்று. கல்வராயன் மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி வந்தவர்கள், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தே பாதி இதயத்தைப் பறிகொடுத்தவர்கள், மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரியோடு பங்கு போட்டவர்கள். திட்டியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். சொன்னதையே சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. பிழைத்தவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களுக்கு இங்கே என்ன வேலை? போனவர்களின் முகம்தான் போகாமல் நிற்கிறது.

அன்றைக்கு உள்ளே வந்தது சின்னதுரையும் அவன் பெண்சாதி இருசம்மாளும். கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஊர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற ஜோடி. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அதை விரித்துக்கொண்டு வரவேண்டும். டாக்டரே பேசி அங்கே இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் போனபின் இந்த நாற்காலிக்கு ஆள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அவள் தாங்கமாட்டாள். வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் அவளுக்கு இளைத்தது.

"கெளம்பிட்டீங்களா?"

"இல்ல சார். பூ வரல," என்றான் சின்னதுரை.

பூக்கட்டிப் பார்ப்பது அவருக்குப் புதிதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒருத்தனிடம், "பூவா டாக்டரு, நானா டாக்டரு?" என்று கத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன் போனவன்தான். அதற்கப்புறம் ஒரு வித்தை கற்றுக்கொண்டார்.

"சாமிய இன்னான்னு கேட்டே?"

"ஆப்ரேசன் பண்லாமா, வேணாமான்னு. செவப்பு வந்திச்சி."

"அப்படிக் கேக்கக்கூடாதுப்பா. சேலம் போறதா, பாண்டிச்சேரி போறதான்னு கேளு. மறுபடியும் கட்டிப் பாரு."

எந்தப் பொட்டலம் வந்தாலும் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். இந்த வித்தையில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

சின்னதுரை சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "எங்கண்ணன் பிச்சமுத்துக்கும் இதையேதான் சார் சொன்னீங்க. பாண்டிச்சேரின்னு வந்திச்சி. போனான். துணி சுத்தித்தான் கொண்டாந்தோம். நீங்க சொல்ற மாதிரி கட்டுனா, போவாத இருக்கறதுக்குப் பொட்டலம் எங்க சார்?"

டாக்டருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இருந்தது. கை பேனாவுக்குப் போயும் விட்டது.

"அதுக்குப் பொட்டலம் இல்லப்பா," என்றார் கடைசியில். "ஏமாத்தித்தான் சொன்னேன். ஜாஸ்திப் பேரு நடந்து வூட்டுக்கு வருவாங்க, சில பேரு வர்றதில்ல. உங்கண்ணனுக்கு ரொம்ப முத்திப்போச்சி. இந்தப் பொண்ணுக்கு வயசு கம்மி, வைத்தியமும் வேற. ஆனா போவலன்னா இருசம்மா அடுத்த கரும்பு வெட்டுக்கு இருக்காது."

சின்னதுரை குனிந்துகொண்டான். "சாமி வேணாம்னுச்சே சார். மீறிப் போயி எதுனா ஆச்சின்னா, கொன்னவன் நான்தானே."

அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இருசம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கோயிலுக்கு மலையேறுனது யாரு?"

"நான்தான். உன்னாலதான் ஏற முடியலியே."

"தலைக்கு ஊத்திக்கினது? பொட்டலம் எடுத்தது?"

"நான்தாண்டி."

"அப்போ செவப்பு உனுக்கு வந்தது. நீ ஆப்ரேசனுக்குப் போவாத. நான் போறேன்."

சின்னதுரை டாக்டரைப் பார்த்தான், இவர் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தோன்றியதே இல்லை. நிலத்தில் போர்வெல் போட சாமியிடம் உத்தரவு கேட்டாலும், நிலத்துக்காரனே குளித்துவிட்டு வந்து பொட்டலம் எடுக்கவேண்டும் என்பார் அந்த மலைக்கோயில் பூசாரி. சின்னதுரைக்கும் அது தெரியும்.

"எதுனா ஆச்சின்னா?" என்றான், சத்தமில்லாமல்.

"ஆச்சின்னா எனுக்குத்தான் ஆவும். உம்மேல குத்தமில்ல."

"மூச்சு இல்லன்னாலும் வாய் இருக்குது," என்று முனகினான். பிறகு கேட்டான். "கூட நான் இருக்கலாமா சார்?"

"இருக்கணும்யா."

அப்புறம் டாக்டர் பாண்டிச்சேரிக்குப் போன் போட்டார். ஆம்புலன்சுக்கும் சொன்னார். வண்டி வந்ததும் மேசையைப் பிடித்து எழுந்து, வலியோடு வாசல்வரை நடந்தார்.

"படுக்க வெக்காதீங்க, இதுக்கு மூச்சு முட்டும்," என்றார் டிரைவரிடம். "உக்கார வெச்சே கூட்டினு போங்க."

உள்ளே இருசம்மாள் உட்கார்ந்தாள். சின்னதுரை பக்கத்தில் ஏறி, அவள் முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்தான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் பிழைப்பாளா என்று டாக்டருக்குத் தெரியாது. தெரிய வரும்போது அவர் இங்கே இருக்கமாட்டார். வண்டி ரோட்டில் ஏறித் திரும்புகிறவரை நின்றார். பின்னால் வரிசையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.