தோல்கடை நவ்ஃபல்

"இன்னாரின் மகன், இன்னாரின் மகன்" என்று வம்சாவளி ஓதிக்கொண்டே வந்த உஸைத், பதினோராவது பாட்டனாரில் மூச்சு வாங்க நின்றார். படுக்கையில் கிடந்த அண்ணன் நவ்ஃபல் கண்ணைத் திறந்தார்.

"டேய், அவங்களை எல்லாம் பார்க்கத்தானே போறேன். இங்கேயே வரிசையில நிக்க வைக்கணுமா?"

வாப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த அர்வா சிரிப்பை அடக்கினாள். வாப்பா போனால், மக்கா கடைத்தெருவிலிருக்கும் தோல்கடையில் பாதி அவளுக்கு, பாதி சாச்சா உஸைதுக்கு. டமாஸ்கஸில் கலீஃபாவின் அரண்மனையில் கதவைத் திறப்பவனுக்கு உத்தரவு சொல்பவர் சாச்சா. கடையை மூடிவிடும் முடிவோடு வந்திருந்தார். அவளுக்கோ அதை விட்டால் வேறு உலகமில்லை.

"நாம ராஜ்ஜியம் ஆளுற குறைஷி குலம், அண்ணே. குறைஷின்னா சுறான்னு அர்த்தம். சுறா செருப்பு விக்குமா?"

"மக்காவில கடலே இல்லையேடா! குறைஷின்னா சரக்கு சேர்த்து விக்கிறவன். நம்ம வாப்பா சொன்னது." நவ்ஃபலுக்கு மூச்சு இளைத்தது. "சுறாவுக்கு நாமளே செருப்பு விக்கலாம்னா, அதுக்குக் காலும் இல்ல."

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன், கலிமா சொன்ன வாயோரத்தில் சிரிப்பு மிச்சமிருக்க, அடங்கிப்போனார்.

ஜனாஸா ஊர்வலம் கிளம்பும்போது சாச்சா தெருவைப் பார்த்து மறுபடி பாட்டனார்களை அடுக்கினார். ஒட்டகக்காரன் ஒருவன் கேட்டான்: "யாருப்பா மௌத்து? வெளியூர் ராஜாவா?"

அர்வா வாசலிலிருந்து கத்தினாள். "தோல்கடை நவ்ஃபல்!"

"அடப்பாவமே, நம்ம நவ்ஃபலா!"

தராசுகள் அப்படியே நின்றன. கடைத்தெருவே எழுந்து வந்தது. பாடை தோளுக்குத் தோள் பறந்தது. சாச்சா பின்னால் ஓடினார்.

அடக்கம் முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் அர்வாவிடம் சொன்னார்: "உங்க சாச்சாவை 'யாருய்யா நீ, தள்ளு'ன்னுட்டாங்க. 'தோல்கடை நவ்ஃபல் தம்பி'ன்னு கெஞ்சினப்புறம்தான் தோள் குடுக்க விட்டாங்க."

நான்காம் நாள் அர்வா கடையைத் திறந்தாள். சாச்சா வந்து உட்கார்ந்தார். கடையை மூடச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அதற்குள் தண்ணீர்த் துருத்தி வாங்க ஒரு கிழவர் வந்துவிட்டார்.

"நவ்ஃபல் தம்பிதானே? ஒழுகுதான்னு பார்த்துக் குடுங்க, தம்பி."

சாச்சா அர்வாவைப் பார்த்தார். டமாஸ்கஸ் சால்வையைக் கழற்றி மடித்து வைத்தார். துருத்தியின் வாயில் உதட்டைப் பொருத்தி ஊதினார். கன்னங்கள் வாப்பாவுக்கு உப்புவதைப் போலவே உப்பின.

"காத்து நிக்குது" என்றார், மூச்சு வாங்க. "நாளைக்குக் கடையை எப்பம்மா திறக்கணும்?"

"விடியக்காலையில, சுபுஹு தொழுத கையோட, சாச்சா."

அவர் அடுத்த துருத்தியை எடுத்தார்.