பெறுநர் கட்டம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகட்டுக் கிடங்கில் கிரேன் ஓட்டும் ஒரு பெண் சொன்னாள்: "நாங்க மெயில் எழுதுவோம், அனுப்ப மாட்டோம்." மிச்சம் என் கைச்சரக்கு.

முதல் வரியாக இதை எழுதினேன்: அதிகாலை வெயில் கிரேனின் மேல் பொன்னாக…

(அடித்துவிட்டேன். அந்தக் கிடங்கில் ஜன்னலே கிடையாது.)

2

ஷிப்ட் ரூமில் ஒரே கம்ப்யூட்டர், எல்லோருக்கும் ஒரே மெயில் கணக்கு. அனுப்பிய மெயிலை மேனேஜர் பார்ப்பார். அனுப்பாததை அவர் சீண்டுவதில்லை. அதனால் ஒரு ஷிப்ட், சொல்ல வேண்டியதை வரைவாக எழுதி மூடிவிட்டுப் போகும். அடுத்த ஷிப்ட் திறந்து படித்து, கீழே பதில் எழுதும். பெறுநர் கட்டம் எப்போதும் காலி. கை தவறி 'அனுப்பு' பட்டனை அமுக்கினாலும் எங்கும் போகாது.

அவள் எழுதினாள்: "பிரேக் போட்டப்புறமும் கொக்கி ஒரு சாண் இறங்குது. கீழ நிக்காதீங்க."

பிற்பகல் ஷிப்டில் கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவன் அவள் தம்பி.

3

வீட்டில் வாயால் சொல்லக் கூடாதா என்பீர்கள். சொன்னாள்.

"ரிப்பேர் ஆகுற வரைக்கும் லீவு போடுடா."

"போட்டா என் இடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

"நக்கலா?"

"அப்ப நீயே மேனேஜருக்கு அனுப்பு."

"போன தடவை அனுப்பின வெல்டர் இப்ப எங்க?"

"வீட்டுல. நல்லா தூங்குறானாம்."

(தம்பியை இவ்வளவு வாயாடியாக விடலாமா என்று எனக்கே சந்தேகம். பாரம் தூக்குகிறவனைக் கதைகளில் ஊமையாக்கிவிடுவார்கள். நான் வளர்ந்த இடத்தில் ஊமைகள் இல்லை. மூச்சு வாங்கும்போது மட்டும் பேச மாட்டார்கள்.)

4

மறுநாள் அவள் பெறுநர் கட்டத்தில் மேனேஜரின் முகவரியை அடித்தாள். அனுப்பவில்லை. துணிந்த ஒருவர் அமுக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள் வரைவு நீண்டிருந்தது.

"நானும் பார்த்தேன்."

"உண்மைதான். உடனே கவனிக்கணும்."

"யாராவது அனுப்புங்கப்பா."

எல்லா ஷிப்டுக்கும் சம்மதம். எல்லோரும் பத்திரமாகச் சேமித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

5

முடிவுக்கு இரண்டு வழி எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவளே அனுப்புகிறாள். கிரேன் நிற்கிறது. மேனேஜர் நேரில் வந்து, கண் கலங்கி…

(மேனேஜர் கண் கலங்குவதை எழுத எனக்குக் கை கூசுகிறது.)

இரண்டாவது: கொக்கி விழுகிறது. இதை நான் எழுத மாட்டேன். ஆளைச் சாகடிக்க ஒரு வரி போதும். தகட்டை நகர்த்தி ஆளை எடுக்க எட்டுப் பேர் வேண்டும்.

6

ஷிப்ட் மாறும் மணி அடித்துவிட்டது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே தம்பி கையுறை மாட்டுகிறான். ஒரு கைக்கு மாட்டியாயிற்று.

அவள் எழுந்து, நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளுகிறாள்.

"உங்களுக்கு இங்க வேலை இல்லையே," என்கிறாள். "பறிபோறதுக்கு ஒண்ணுமில்ல."

வரைவு திறந்தே இருக்கிறது. முகவரியும் சரிதான், நான் பார்த்துவிட்டேன். மௌஸின் இடது பட்டன் கொஞ்சம் ஒட்டும். அழுத்தி அமுக்க வேண்டும்.