கெட்டியாகாத மோயி

என் தம்பி பெண்டாட்டி சிஹாரு பனி கொட்டுற நாகானோ மலைக்காரி. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கடலையே பக்கத்துல பார்த்தா. அவ போய், எங்க அம்மாவோட ஏழாம் வருஷத் திவசத்துக்கு "மோயி நான் செய்யறேன் அக்கா"ன்னு வந்து நின்னா எனக்கு எப்படி இருக்கும்?

மோயின்னா எங்க ஒகினாவாக் கரையில பாறை மேல வளர்ற செவப்புப் பாசி. கேரட்டும் மீனும் போட்டுக் காய்ச்சி ஆற வெச்சா தானாவே கெட்டியாகிடும், கத்தியால துண்டு போடலாம். அம்மாவுக்கு அதுன்னா உசிரு. இத்தனை வருஷமா அதைச் செஞ்சு மூதாதையர் மாடத்துல வெச்சது நான். ஆனா வழக்கப்படி மாடம் மூத்த மகனோட, அதாவது என் தம்பியோட, பெண்டாட்டிக்குத்தான். பெத்த பொண்ணு தள்ளி நிக்கணும், நேத்து வந்தவ ஊதுவத்தி ஏத்தணும். வயிறு எரியாம என்ன செய்யும்?

கடல் வத்தின நேரம் ரெண்டு பேரும் இறங்கினோம். அவ ஒரு கொத்தைப் பிச்சுட்டு ஓடி வந்தா. "அக்கா, இதுதானே?"

அது முள்ளுப்பாசி. மோயி சிக்குப்பிடிச்ச முடி மாதிரி பின்னிக் கிடக்கும், கையில வழுக்கும், உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி முள்ளு. முள்ளுப்பாசி விறைப்பா நிக்கும், கிள்ளினா பட்டுனு ஒடியும், முள்ளு கிளைக்குக் கிளை கொத்தா இருக்கும். கண்ணை மூடிட்டுத் தொட்டாலே எனக்குத் தெரியும். அதை எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டியாகாது.

"அதேதான்"னேன். நாக்கு கூசல. அது மண்டிக் கிடந்த பாறையையும் நானே காட்டினேன்.

மூணு மணி நேரம் குனிஞ்சே கூடை நிறையப் பறிச்சா. கரையேறினதும் மறந்துடக் கூடாதுன்னு ஒரு நோட்டுல அதைப் படம் வேற வரைஞ்சுக்கிட்டா.

திவசத்தன்னிக்குத் தட்டுல செவப்புத் தண்ணி. கேரட்டு மிதக்குது.

"என்னடியம்மா, மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கியா?"ன்னு துருகோ சித்தி கேட்டா. கூடமே கொல்லுனு சிரிச்சுது. சித்தி என் பக்கம் திரும்பினா. "பனியை உருக்கத்தான் தெரியும் போல. சுமியே, இவ கத்துக்கற வரைக்கும் மாடத்தை நீயே பாரும்மா."

நான் ஆசைப்பட்ட வார்த்தைதான். காதுல விழுந்தப்போ இனிக்கல. சிஹாரு மாடத்து முன்னாடி நெத்தி பாயில படக் குனிஞ்சு, "மன்னிச்சிடுங்க அத்தை, என் கை சரியில்ல"ன்னா. பாவி நான், அப்பவாவது வாயைத் திறந்தேனா? சோறு பரிமாறப் போயிட்டேன்.

நாலு நாளா தூக்கமில்ல. அஞ்சாம் நாள், கடன் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிற சாக்குல அவ வீட்டுக்குப் போனேன். அடுக்களையில வரிசையா ஆறு கிண்ணம். ஆறுலயும் செவப்புத் தண்ணி. ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டின ஒரு சீட்டு: இருபது நிமிஷம், நாப்பது நிமிஷம், ஒரு மணி நேரம். கிண்டிக் கிண்டி அவ விரலெல்லாம் கொப்புளம்.

"தினம் போய்ப் பறிச்சுட்டு வரேன் அக்கா. தீ எங்கேயோ தப்புது. பாசி சரிதான், நீங்க காட்டினதாச்சே!"ன்னு நோட்டைத் திறந்தா. முள்ளு ஒண்ணு விடாம வரைஞ்சிருந்தா. மேலே 'மோயி'. கீழே 'சுமியே அக்கா காட்டியது'.

"தீயில தப்பில்லடி. அது மோயியே இல்ல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அங்கேயே நின்னு துருகோ சித்திக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், மாடம் சிஹாருவுக்குத்தான்னும் சொன்னேன். "அடிப்பாவி! செத்தவ படையல்லயா விளையாடினே?"ன்னு சித்தி போனை வெச்சுட்டா.

சிஹாரு அழல, திட்டல. திட்டியிருந்தா தேவலை. அடுப்பை அணைச்சுட்டுப் பேனாவை எடுத்தா. 'மோயி'ங்கறதை அடிச்சுட்டுப் பக்கத்துல 'மோயி இல்லை'ன்னு எழுதினா.

"கீழே இருக்கறதையும் அடிச்சிடும்மா"ன்னேன்.

"அதை எதுக்கு அக்கா அடிக்கணும்? காட்டினது நீங்கதானே?"ன்னு நோட்டை மூடி வெச்சா.