மைக்குக்குப் போக மிச்சம்

பெரியவர் மைக்கின் அடிமூடியைத் திருகிக் கழற்றிக் கைக்குட்டையின் மேல் வைத்தார். கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டியில் தம்பி படுத்திருந்தான். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும்.

"பெரியப்பா, வாடகை மைக் ரெடியா நிக்குது. அப்பாவைப் பத்தி அதுலயே பேசிடுங்களேன்," என்றாள் தம்பி மகள்.

"நாப்பது வருஷம் அடுத்தவன் குரலைப் பதிஞ்சவனை வாடகை மைக் வச்சு அனுப்புறதா? இந்தக் குடும்பத்துக்கு அது அழகில்ல."

"அண்ணே, ஒரே ஒரு தடவை இதுல பேசு, பதிஞ்சு வச்சுக்கறேன்" என்று தம்பி கேட்காத வருடமில்லை. "வீட்டுக்கு ஒருத்தன் ஒயரைத் தூக்கிட்டு அலையறது போதும்டா" என்பார் இவர். தம்பி சிரித்துக்கொள்வான்.

பழைய கண்டென்சர் மைக் அது. அதற்கென்று வந்த பேட்டரியைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். காது மிஷினுக்குப் போடும் பொத்தான் பேட்டரிகளில் நான்கைக் குழாயில் அடுக்கித் தம்பி அதை ஓட்டிவந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்தில் அந்த நான்கும் தீர்ந்திருந்தன.

தம்பியின் மனைவி அலமாரியிலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்தாள். ஆறு குழிகளில் இரண்டில்தான் பேட்டரி இருந்தது.

"ரெண்டுதானா?"

"அது உங்க ரெண்டு, மாமா. அட்டைக்கு ஆறு. மைக்குக்கு நாலு போக மிச்சம்னு உங்ககிட்டதானே குடுப்பாரு."

பெரியவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆறு வருடமாக மாதம் தவறாமல், "தூக்கிப் போட மனசில்ல, கடிகாரம் கிடிகாரத்துக்கு ஆகும், வச்சுக்க" என்று மேஜை மேல் போட்டுவிட்டுப் போவான். முடியைக் காதை மூடச் சீவி மிஷினை மறைத்திருந்தவர், தம்பிக்குக்கூடத் தெரியாது என்றே இருந்துவிட்டார்.

"போன வருஷம் பூரா மைக் ரிப்பேர்ல கிடந்துச்சு," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அப்பவும் மாசா மாசம் அட்டை வாங்குனாரு."

நாற்காலிகளில் சொந்தக்காரர்களும் தம்பியோடு வேலை செய்தவர்களும் காத்திருந்தார்கள். பெரியவர் முதுகை நிமிர்த்தினார். எல்லாரும் பார்க்கவே முடியை ஒதுக்கி, வலது காதிலிருந்து ஒரு மிஷினையும் இடது காதிலிருந்து ஒன்றையும் எடுத்தார். இருமல், நாற்காலிச் சத்தம், விசிறிச் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின.

மிஷினிலிருந்து இரண்டு, அட்டையிலிருந்து ஸ்டிக்கர் உரித்த இரண்டு. அடுக்கி, ஆடாமலிருக்கக் குழாயைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டினார். தம்பி மகள் ஹெட்போனை மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு டேப்பைப் பிரித்து, குழாயில் தம்பி போட்டிருந்த ஊசித் துளைகளைக் காட்டி, அவர் முகத்துக்கு நேரே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அதுக்குக் காத்து வேணும் பெரியப்பா. மூச்சை அடைச்சிட்டீங்க."

"இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன்," என்றார் பெரியவர். தான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பேட்டரிக்குக் காற்றேற ஒரு நிமிடம் ஆகும் என்று அவள் விரலைக் காட்டினாள். அந்த ஒரு நிமிடமும் வெறுங்காதோடு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் தலையசைத்ததும் மைக்கின் பக்கம் குனிந்தார்.

"இவன் என் தம்பி. மைக்குக்காரன்."

தன் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஸ்பீக்கரில் வருகிறதா என்றும் தெரியவில்லை. தம்பி மகளோ தலையைக் குனிந்து ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள், நிமிரவில்லை.

அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒரு கிழவி காதுக்குப் பின்னால் குவித்துப் பிடித்திருந்த கையை, தலையாட்டிக்கொண்டே மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்.