சோற்றுப் பசை

டாய்ல் கண்ணில் ஒரு வில்லையைச் செருகிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பியபோது, வேதவல்லி அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள், மலர்ந்தது. 1977 ஏப்ரல் ஏழாம் தேதி, கொட்டும் பனியில் டொராண்டோ பேஸ்பால் அணி ஆடிய முதல் ஆட்டத்தின் டிக்கெட் பாதி அங்கே ஒட்டியிருந்தது. அடுத்த பக்கத்தில் அன்றைக்கு அவள் கையாலேயே எழுதிய ஸ்கோர். அதற்கடுத்து, ரசிகர்கள் ஓட்டை குத்தி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற, போன வருஷத்து ஆல்-ஸ்டார் ஓட்டுச்சீட்டு ஒன்று, ஓட்டை போடாமல் புத்தம் புதிதாக. டாய்ல் “ம்” என்றார், பிறகு இன்னும் நீளமாக “ம்ம்” என்றார். கடையின் மறுகோடியில் தபால்தலைகளைப் பார்ப்பதுபோல நின்றிருந்த அவள் கணவன் ரகுநாதனுக்கும் அந்த இரண்டாவது “ம்ம்” காதில் விழுந்தது.

ஸ்கார்பரோவில் அந்த பிளாசாவின் வாசலை ஒட்டி ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வைப்பார்கள், மற்ற நாளில் செருப்பு வைப்பார்கள். இந்த ஜூலையில் ஆல்-ஸ்டார் வாரத்துக்காக, பேஸ்பால் ரசிகர் ஒருவருடைய சேகரிப்பை அதில் வைப்பதாக அறிவித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய டெலிவிஷன் கொண்டுவந்து ஆல்-ஸ்டார் ஆட்டத்தைக் காட்டும்போது, பெட்டிக்குரியவருக்கு முன்வரிசை நாற்காலி. யாருடையது என்று முடிவு செய்வது, பிளாசாவிலேயே நாணயக்கடை வைத்திருந்த டாய்ல். அறிவிப்பைப் பார்த்த நிமிஷமே அது தன்னுடைய பெட்டி என்று வேதவல்லி தீர்மானித்துவிட்டாள். நாற்காலி போனால் போகட்டும். வோபர்னிலிருந்து மார்க்கம் ரோடு பஸ்ஸில் போகிற வருகிற ஜனங்கள் அத்தனை பேரும் ‘வேதவல்லி ரகுநாதன்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஐந்தாம் பக்கத்திலிருந்து ஆட்டக்காரர்களின் கார்டுகள் வந்தன. பக்கத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு. டாய்ல் ஒன்றின் ஓரத்தை நகத்தால் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை. வில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஒட்டிவிட்டீர்களே அம்மா.”

“ஆமாம். விழுந்துவிடக் கூடாதல்லவா?”

“கார்டை ஒட்டக் கூடாது. பின்பக்கத்தில்தான் அந்த ஆளுடைய கணக்கெல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரியாவிட்டால் பெட்டியில் வைக்க முடியாது. இப்போது இவர்களுக்குப் பின்பக்கமே இல்லை.”

“இருக்கிறது. எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.”

டாய்ல் சிரித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாத ஆளாகப் பார்த்து விரல் வைத்தார். டெல்மர் ஹாஸ். மாற்று கேட்சர். ஒரே வருஷம் ஆடிவிட்டு எங்கேயோ போய்விட்டவன். வேதவல்லி மூச்சு விடாமல் சொன்னாள்: முப்பத்தொரு ஆட்டம், எழுபத்துநாலு தடவை பேட் பிடித்தான், பதினாலு ஹிட், ஹோம் ரன் ஒன்று, ஆவரேஜ் நூற்று எண்பத்தொன்பது. டாய்ல் உள்ளே போய்த் தன்னிடமிருந்த கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். அதையும் சரிபார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அதில் மரியாதை இருந்தது, சம்மதம் இல்லை.

“உங்கள் தலைக்குள் இருக்கிற எண்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாதே. சனிக்கிழமை மதியம் வரைக்கும் நேரம் இருக்கிறது. ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான். மில்லிக்கனிலிருந்து ஒருவர் நல்ல ஜாக்கெட்டும் பந்துகளும் கொண்டுவந்திருக்கிறார்.”

“சனிக்கிழமை காலையில் வருகிறேன்” என்றாள் வேதவல்லி. பெட்டியைத் துடைத்து வையுங்கள் என்று சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னாள்.

காரில் ஏறியதும் ரகுநாதன் வண்டியைக் கிளப்பாமல் யோசனையாக உட்கார்ந்திருந்தான். கரூரில் லீக் கிரிக்கெட் ஆடியவன், ஐந்து நாள் ஆட்டத்துக்குப் பழகியவன். மனைவியின் கார்டுகளுக்கு அவன் வைத்த பெயர் தீப்பெட்டிப் படம்.

“வேதா, அந்த ஹாஸு. நூத்தி எண்பத்தொம்பது ஆவரேஜா?”

“ஆமா.”

“அப்ப பெரிய ஆளுதான் போல. எதுக்கு வீட்டுக்கு அனுப்பினாங்க?”

“ஐயோ, முன்னாடி புள்ளி இருக்குங்க. ஆயிரத்துல நூத்தி எண்பத்தொம்பது. பத்துல ரெண்டு கூட இல்ல.”

“இவ்வளவு மோசமா ஆடினவனையா மனப்பாடம் பண்ணி வச்சிருக்க?”

அந்த ஒரே ஹோம் ரன்னை அவள் நேரில் பார்த்திருந்தாள். கனடாவுக்கு வந்த முதல் வருஷம் அது. ரகுநாதன் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கம்ப்யூட்டர் படிப்பதற்காக எண்களை அட்டையில் ஓட்டைகளாகக் குத்துகிற பஞ்ச் கார்டு வேலை, நாள் முழுக்க மெஷின் சத்தம், சாயங்காலம் பேச யாருமில்லாத வீடு. ஆபீஸில் யாருக்கும் வேண்டாமென்று கிடந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, சேலைமேல் கோட்டும் காலில் பனி பூட்ஸுமாகப் போய் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தவள், பிறகு வாரம் தவறாமல் போனாள். தோற்றுக்கொண்டே இருந்த அணி. ஒருவன் பந்தை நழுவவிட்டால் ஊரறிய போர்டில் பிழை என்று போட்டார்கள், மறுநாள் அதே இடத்தில் அவனையே நிறுத்தினார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆபீஸில் ஆயிரம் கார்டுக்கு இத்தனை பிழை என்று அவளுக்கும் எண்ணிக்கை வைத்திருந்தார்கள். செப்டம்பர் குளிரில் கடற்காகங்களும் சில ஆயிரம் பேரும் மட்டும் இருந்த ஒரு மாலையில் ஹாஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டியபோது, அவள் தன்னையறியாமல் எழுந்து நின்று கை தட்டினாள். இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

“இப்ப இட்லியா?” என்றான் ரகுநாதன்.

“இட்லி இல்ல. கார்டு.”

“பசை போயி கார்டும் போயிரும்டி.”

“கடைப் பசைன்னாதான் அந்தப் பயம். நான் சோத்தாலதானே ஒட்டினேன்.”

உண்மைதான். பனிக்காலத்தில் பசை வாங்கக் கடைக்குப் போவதென்றால் பூட்ஸ் மாட்ட வேண்டும், கோட்டு மாட்ட வேண்டும். சோறு அடுப்பிலேயே இருந்தது. இங்கே கிடைத்த நீள அரிசி லேசில் ஒட்டாது, அதைக் குழையவிட்டு, விரலால் மசித்து, ஊரில் கவரும் கொலுப்படிக் காகிதமும் ஒட்டிய அதே கைவாகில் ஒட்டியிருந்தாள். இப்போது நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, இட்லித் தட்டில் துணி விரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஆவியில் காட்டினாள். நிமிஷ நேரத்தில் ஓரம் நெகிழ்ந்தது. தோசைத் திருப்பியின் முனையை உள்ளே விட்டாள். முதல் கார்டு நோகாமல் கழன்று வந்தது. பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக எண்கள், ஒரு பருக்கையின் தடம்கூட இல்லை.

ரகுநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தான். நாலாவது கார்டுக்குத் தானே போய் டவல் கொண்டுவந்தான். எட்டாவதுக்குத் தன்னுடைய கனமான இன்ஜினியரிங் புத்தகத்தை எடுத்துவந்து, ஈரம் ஒற்றிய கார்டுகளை வளையாமல் அதற்கடியில் வைத்து அமுக்கினான். “தீப்பெட்டிப் படத்துக்கு இவ்வளவு மரியாதை” என்று முணுமுணுத்தான், ஆனால் வேலையை விடவில்லை.

இருபத்துமூன்று கார்டுகள் வந்தன. கடைசியாக ஹாஸ். ஆவியில் எவ்வளவு காட்டியும் ஓரம் நெகிழவில்லை. அப்போதுதான் வேதவல்லிக்கு நினைவு வந்தது. மனதுக்குப் பிடித்தவனாயிற்றே என்று, இவனுக்கு மட்டும் கௌரவமாகக் கடையில் பசைப்புட்டி வாங்கி ஒட்டியிருந்தாள். மெல்ல இழுத்தாள். ஹாஸின் முகம் கையில் வந்தது. அவனுடைய கணக்கு முழுவதும் நோட்டுப் பக்கத்திலேயே தங்கி, பிய்ந்து கந்தலாகிவிட்டது. கார்டின் பின்னால் வெறும் வெள்ளைப் பஞ்சு.

ரகுநாதன் அடுப்பை அணைத்தான்.

“டாய்ல்கிட்ட இன்னொரு ஹாஸ் இருக்கே. கேட்டு வாங்கிரலாம்.”

“அது டாய்லோட ஹாஸு” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் அறை காலியாக இருந்தது. வேதவல்லி டிபன் டப்பாவைத் திறக்காமல் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதமே ஆன வனஜா, அவளுக்குப் பக்கத்து மெஷின்காரி, கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன வேதாக்கா, சாப்பிடேல்லையே? உது ஆற்ற கணக்கு?”

“ஹாஸ்னு ஒருத்தன். ஒரே ஒரு கார்டுதான் வனஜா.”

“உவன் உங்களுக்கு என்ன சொந்தமே?”

“கிட்டத்தட்ட.”

வனஜா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். “சரி, அடியுங்கோ. சூப்பர்வைசர் வந்தா நான் கதைச்சு மறிச்சு வைக்கிறன்” என்று கதவடியிலேயே நின்றுகொண்டாள்.

குத்துகிற எண்களைக் கார்டின் மேல் ஓரத்தில் அச்சிலும் பதிக்கிற ஸ்விட்ச் ஒன்று மெஷினில் உண்டு. வேதவல்லி அதை வேண்டுமென்றே அணைத்தாள். பின்பக்கம் இல்லை என்று சொன்ன மனிதர் கொஞ்சம் கஷ்டப்பட்டே படிக்கட்டும். ஹாஸின் ஐந்து எண்கள், நடுநடுவே இடம் விட்டு. விரல்கள் அதை இரண்டு விநாடியில் அடித்து முடித்தன. கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஓட்டையிலும் காகிதத் துணுக்கு தொங்கவில்லை. போன வருஷத்து ஆல்-ஸ்டார் ஓட்டுச்சீட்டைப் பாதி ஸ்டேடியம் அரைகுறையாகக் குத்தித் துணுக்கைத் தொங்கவிட்டபோது, மெஷின் அதைப் படிக்காது என்று பெஞ்சுக்காரர்களுக்கு வகுப்பெடுத்தவள் அவள்.

சனிக்கிழமை காலை டாய்ல் இருபத்துமூன்று கார்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன மருந்து போட்டாள் என்று கேட்டார். ஆவி என்றாள். என்ன பசை என்று கேட்டார். சோறு என்றாள். நம்பாமல் ரகுநாதனைப் பார்த்தார். அவன் சாட்சி சொல்கிற மாதிரி தலையசைத்தான். மில்லிக்கன்காரரும் தன் ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார், பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பெட்டியின் பின்சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி பதித்திருந்ததால் முன்னால் நின்றே இரண்டு பக்கமும் பார்க்கலாம். டாய்ல் கார்டுகளைச் சிறு தாங்கிகளில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்து, ஹாஸை எடுத்ததும் நின்றுவிட்டார்.

“இது போய்விட்டதே.”

வேதவல்லி கைப்பையிலிருந்து பஞ்ச் கார்டை எடுத்து, ஹாஸின் முதுகுக்குப் பின்னால், சற்று இடைவெளி விட்டு, பின்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தவாறு நிறுத்தினாள்.

“இது என்ன?”

“தலைக்குள் இருக்கிறதைப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்றீர்கள். வைத்திருக்கிறேன்.”

டாய்ல் கையை நீட்டிப் பெட்டியின் விளக்கைப் போட்டார். ட்யூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. கண்ணாடிக்குள் இருண்ட அட்டையில் சின்னச் சின்ன நீள்சதுரங்களாக வெளிச்சம் எழும்பியது. மில்லிக்கன்காரர் ஜாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். டாய்ல் சட்டைப்பையில் வில்லையைத் தேடினார்.

ரகுநாதன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான்.

“அந்த ஹோம் ரன் எது வேதா?”

அவள் கண்ணாடியைத் தொடாமல் விரலைக் காட்டினாள். இரண்டு பக்கமும் இடம் விட்டு, நடுவில் தனியாக ஒரே ஒரு ஓட்டை. வெளிச்சம் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது.