வூட்டு மொந்தை

ரத்தினசாமிக்குப் பயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இரண்டே இரண்டு சொல்லின் மேல்தான். தோல் பதனிடும் கொட்டகையில் சுண்ணாம்புக் குழிக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பான், முகம் சுளிக்க மாட்டான். ஆனால் பாலாற்றங்கரைக் கள்ளுக்கடையில் போய் "வூட்டு மொந்தை ஒண்ணு குடு" என்று கேட்கச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆளுக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும்.

விஷயம் இதுதான். தேசிங்கு கிராமணியின் கடையில் ஆம்பிளைகள் அங்கேயே உட்கார்ந்து, ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார்கள். மொந்தையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகவும் தடையொன்றும் இல்லை. அதற்குத்தான் ஆம்பூரில் வூட்டு மொந்தை என்று பெயர். ஆனால் அதைக் கேட்டவன் கதி? பொண்டாட்டிக்குக் கால் பிடிக்கிறவன், புடவை துவைக்கிறவன் என்று கடையே சேர்ந்து மானத்தை வாங்கிவிடும். ரத்தினசாமியே அப்படி எத்தனை பேரை ஓட ஓட விரட்டியிருக்கிறான் தெரியுமா! அதில் ஐயா பெரிய கெட்டிக்காரர்.

அவன் மனைவி கெங்கம்மாள் கேட்டது அது ஒன்றைத்தான். பட்டுப் புடவை கேட்டாளா, கொலுசு கேட்டாளா? அவளும் அதே கொட்டகையில் பொழுதெல்லாம் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். தோள் வலி அவளுக்கும் உண்டு.

"நீ மட்டும் தோஸ்துங்களோட சிரிச்சிக் குடிச்சிட்டு வர்ற. நான் ஒண்டியா சோத்தைப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன். வாங்கிக்கினு வூட்டுக்கு வாயேன், ரெண்டு பேருமா குடிக்கலாம்" என்றாள்.

"ஆவட்டும், ஆவட்டும்" என்றான். ஆடி போனது, ஆவணி போனது, ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அவள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "எங்கூட உக்கார வெக்கமா உனக்கு?" இந்த மடையன் வாயே திறக்கவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, விடிந்ததும் மாதனூரில் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்புறம்தான் துரைக்குத் தெரிந்தது, தனியாக உட்கார்ந்து சோறு தின்பது எப்படிப்பட்ட தண்டனை என்று. கடைக்குப் போனாலும் கள் இறங்கவில்லை. போதாக்குறைக்கு மாதனூரிலிருந்து வந்த வண்டிக்காரன் ஒரு சேதி சொன்னான்: "ஒங்க மாமனார் வர்ற வெள்ளிக்கெழமை ஊர்ப் பெரியவங்களைக் கூப்புட்டு ஒங்க ரெண்டு பேரையும் அத்துவுட்டுடப் போறாராம்."

கொட்டகை சாயபுவுடையது, வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலையிலேயே கள்ளுக்கடையில் போய் நின்றான். கடை நிறைய ஆட்கள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்: "கிராமணி! வூட்டு மொந்தை ஒண்ணு குடு!"

கொட்டகையில் கூடவே வேலை செய்கிற பச்சை என்பவன், ஓலைப் பட்டையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா ரத்தினம், பொடவை தொவைச்சாச்சா?" என்றான். ரத்தினசாமியின் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை, நின்று வாங்கிக்கொண்டான்.

"வாயை இறுக்கிக் கட்டாத. ஓலையைச் செருகிக்கினு போ. கள்ளுக்கு மூச்சு வேணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார் கிராமணி.

தலையில் சும்மாடு வைத்து மொந்தையை ஏற்றிக்கொண்டு நடந்தான். நடக்க நடக்கக் கள் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. ஐயோ, அவளுக்கு என்று வாங்கியதாயிற்றே, வழியெல்லாம் சிந்திப் போனால் என்ன மிஞ்சும்? தோல்காரன் புத்தி உடனே வேலை செய்தது. மடியிலிருந்த ஆட்டுத்தோல் துண்டை ஆற்று ஊற்றில் நனைத்து மொந்தை வாயில் போர்த்தினான். ஈரத் தோல் வாரால் சுற்றி இறுக்கிக் கட்டினான். அப்புறம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பலே என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீசி நடந்தான்.

ஈரத்தோல் வெயிலில் காய்ந்தால் இறுகும். கொட்டகையில் ஒவ்வொரு நாளும் அவன் கண்ணால் பார்க்கிற சங்கதி இது. உள்ளே குலுங்கிக் குலுங்கிக் கள் பொங்க, வெளியே தோல் இறுக, மாதனூர் ஏரிக்கரையில் தலைமேல் 'டப்'பென்று மொந்தை வெடித்தது. தலையிலிருந்து கால்வரை கள்ளபிஷேகம் ஆகிவிட்டது. அடப்பாவமே! சும்மாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அடிச்சில்லில் மட்டும் ஒரு கை அளவு நின்றது. திரும்பிப் போய் வேறு வாங்க நேரமில்லை. சில்லை ஒரு கையிலும், தோல் கட்டிய மொந்தைக் கழுத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினான்.

மாமனார் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். மாமனார் கன்னியப்பன் அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா அநியாயத்தை! அத்துவுடற அன்னிக்கும் கள்ளுல முழுகி எழுந்து வர்றான்!"

கெங்கம்மாள் வெளியே வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். அவன் கையிலிருந்த தோலைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாயா இது?"

"வழியில சிந்திச்சி. தோலைப் போட்டுக் கட்டுனேன்."

"ஈரத்தோலு காஞ்சா இறுவும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். உன் நெனப்புல மறந்துட்டேன்."

"வாயைத் தொற."

சந்தையில் பல்லைக் காட்டும் மாடு மாதிரி திறந்தான். கிட்டே வந்து மோந்து பார்த்தாள். காலையில் குடித்த கூழும் வெங்காயமும்தான் மணத்தன. ஒரு வாய்கூட அவன் குடித்திருக்கவில்லை.

"கடையில இன்னான்னு கேட்ட?"

"வூட்டு மொந்தைன்னு கேட்டேன்."

"காதோட காதாவா?"

"கத்தித்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சானுங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்னு நின்னேன்." சில்லை அவள் பக்கம் நீட்டினான். "ஒண்டியா சோறு துன்ன முடியல கெங்கா. வந்துடு."

கெங்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சில்லை அவன் கையிலிருந்து வாங்கி, அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"உக்காரு" என்றாள்.

அவன் பெரியவர்களைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். பிறகு அத்தனை பேர் எதிரிலும் அவள் தோளை ஒட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். மண்ணும் புளிப்புமாக இருந்ததை அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"ஏம்மே, அப்போ இவங்களை இன்னாத்துக்குக் கூப்புட்டேன் நானு?" என்று கத்தினார் கன்னியப்பன்.

"வந்தவங்களுக்குச் சோறு போட்டு அனுப்புப்பா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல போடு" என்றாள் கெங்கம்மாள்.