கேஸ் டாக்டர் வீட்டு ஏசி

அந்த ஏசி மெக்கானிக்குக்குக் கேஸ் டாக்டர் என்று பெயர் வைத்தது தெருக்காரர்கள். அதை விசிட்டிங் கார்டில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டது அவர். எந்த வீட்டு ஏசிக்கு என்ன கோளாறு வந்தாலும் அவர் வாயில் ஒரே வியாதிதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு." தண்ணீர் ஒழுகினால் கேஸ். சத்தம் வந்தால் கேஸ். ஒரு வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி போடாததற்குக்கூடக் கேஸ் போட்டுவிட்டு வந்த புண்ணியவான்.

ஏசிக்குள் இருக்கிற கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கா என்ன? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். எங்காவது ஓட்டை விழுந்தாலொழிய பத்து வருஷமானாலும் குறையாது. இது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும், கேஸ் போட அரை மணி நேரம் போதும்.

கடைக்கு வரும் போனை வீட்டிலிருந்தே எடுப்பது அவர் மனைவி. "குளிரலையா? கேஸ் தீர்ந்திருக்கும்ங்க. வருஷா வருஷம் போடணும்ங்க, அடுப்பு மாதிரிதான். எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன்" என்பாள். அவளைப் பொறுத்தவரை இதில் பொய் கிடையாது. புருஷன் சொன்னதை அப்படியே நம்பினாள், நம்பினதால் அவள் குரலில் ஒரு பிசிறு இருக்காது, கேட்கிறவர்களும் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். கேஸ் டாக்டரின் தொழிலே அந்தக் குரலில்தான் நின்றது.

இந்த நிலையில் அவர் வீட்டு ஏசியே காற்றை மட்டும் ஊத ஆரம்பித்தது. அதுவும் எப்போது? மாமியார் வந்து தங்கியிருந்தபோது. அந்தம்மா வந்ததே தன் வீட்டு ஏசி குளிரவில்லை என்றுதான். மாப்பிள்ளை ஒரே கோடையில் மூன்று தடவை கேஸ் போட்டுக் கொடுத்திருந்தார். "போடப் போட குளிர் குறையுதே மாப்பிள்ளை" என்று அந்தம்மா கேட்டபோது, "மெஷினுக்கு வயசாச்சு அத்தை" என்று மெஷின் மேல் பழியைப் போட்டிருந்தார்.

"ஏங்க, நம்ம ஏசியைக் கொஞ்சம் பாருங்களேன். அம்மா விசிறியும் கையுமா உட்கார்ந்திருக்காங்க" என்று மனைவி பன்னிரண்டு நாள் சொன்னாள். "நாளைக்குப் பார்க்கறேன்" என்று பன்னிரண்டு நாளும் அவர் தட்டிக்கழித்தார். பதிமூன்றாம் நாள் பொறுமை போய், கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன நோட்டீஸைப் பார்த்து அவள் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். புருஷனும் அதே தொழில்தான் என்று மட்டும் சொல்லவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே!

மதியம் சாப்பிட வந்த கேஸ் டாக்டருக்கு வாசலில் நின்ற சிவப்பு ஸ்கூட்டரைப் பார்த்ததும் திக்கென்றது. அது அவரோடு ஒன்றாக இரண்டு கோடை வேலை பார்த்து, பிறகு தனிக்கடை போட்டவனுடையது. இந்த வீட்டுக்கு அவன் வந்ததே இல்லை. உள்ளே ஓடினார். பால்கனியில் வெளி யூனிட்டின் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிவிட்டு, அவன் இவருடைய மனைவிக்கும் மாமியாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பாருங்கக்கா, இந்த முள்ளு எங்க நிக்கணும், எங்க விழுந்து கிடக்குது பாருங்க. இதுக்கு மேல ஓட்டினா மெஷின் தாங்காது. கேஸ் சுத்தமா தீர்ந்துபோச்சு."

ஐயோ! அது கேஸ் டாக்டரின் வசனம். அந்த "விழுந்து கிடக்குது", அங்கே விட்ட பெருமூச்சு, முள்ளை விரல் நகத்தால் தட்டிக் காட்டுகிற அந்தப் பாவனை, ஒன்று விடாமல் அவருடையது. சொந்த வீட்டில், சொந்தப் பொண்டாட்டியிடம்!

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் ஒரு நொடி பேயறைந்த மாதிரி ஆனது. பிறகு சமாளித்துக்கொண்டு லேசாகக் கண்ணடித்தான். தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒரு மெக்கானிக் பேசும்போது வாடிக்கையாளர் முன்னால் இன்னொரு மெக்கானிக் வாயைத் திறக்கக் கூடாது.

கேஸ் டாக்டர் குழாயைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று உறைபனி. காற்று போகிற வழி அடைத்தால் உள்ளே ஐஸ் கட்டும், ஐஸ் கட்டினால் முள் தானாக இறங்கும், கேஸ் இம்மி குறையாமல் இருக்கும்போதே. இதைக் காட்டித்தான் அவரே எத்தனை வீட்டில் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். இப்போது மேற்கொண்டு கேஸ் ஏற்றினால், ஐஸ் உருகியதும் அது அதிகமாகி கம்ப்ரஸரின் கதை முடியும். வாயைத் திறந்தால் பொண்டாட்டியின் நம்பிக்கை போகும், மூடினால் கம்ப்ரஸர் போகும். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்னங்க, போடச் சொல்லிடவா?" என்றாள் மனைவி.

சிலிண்டரின் திருகில் அவன் கை வைத்தான். கேஸ் டாக்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"டேய், கையை எடுடா! முதல்ல ஃபில்டரைக் கழட்டிப் பார்த்தியா நீ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன், "அண்ணே, நீங்களே இப்படிக் கேட்டா எப்படிண்ணே?" என்று நிஜமாகவே மனம் நொந்துபோய்க் கேட்டான்.

கேஸ் டாக்டர் ஸ்டூலில் ஏறி உள் யூனிட்டின் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினார். கம்பளி மாதிரி தூசி. பின்னால் இருந்த குளிர்க்குழாய்ச் சுருள் முழுக்க ஐஸ். ஃபில்டரைக் கழுவி, ஐஸ் உருகும் வரை காற்றாடியை மட்டும் ஓடவிட்டார். ஃபில்டரைத் திரும்ப மாட்டி, ரிமோட்டில் குளிரை வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். முள் மெல்ல ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அறை ஜில்லென்றது.

மாமியார் விசிறியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை, எங்க வீட்டு ஏசியிலயும் அந்த மாதிரி வலை ஒண்ணு இருக்குதா?" என்று வெகுளியாகத்தான் கேட்டாள்.

ஸ்கூட்டர்காரன் கேஜைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் நழுவினான்.

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ் தீருமா, தீராதா?"

"ஓட்டை இருந்தா…"

"தீருமா, தீராதா?"

"தீராது."

"அப்ப நான் இத்தனை வருஷமா போன்ல ஊருக்கே பொய் சொல்லிட்டிருந்தேனா? அம்மாகிட்டகூடச் சொன்னேனே" என்றாள். அவள் கண் கலங்கியது. அவர் செருப்படி பட்ட மாதிரி நின்றார். அவளை ஏமாற்றுகிறோம் என்று அதுவரை அவர் ஒருநாள்கூட நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர் எடுக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசினாள், வழக்கமான அதே பிசிறில்லாத குரலில்.

"குளிரலைங்களா? மூடியைத் திறந்தா உள்ள ஒரு வலை இருக்கும்ங்க. அதைக் கழட்டிக் கழுவி, காய வச்சு மாட்டுங்க. அப்பவும் குளிரலைன்னா கூப்பிடுங்க, எங்க வீட்டுக்காரர் வந்து எங்க ஓட்டைன்னு தேடி அடைச்சுத் தருவார்."

அன்று சாயங்காலம் வரை அப்படிப் பதினோரு போன் பேசினாள். கேஸ் டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்தார். ஒரே ஒருவர் கூப்பிட்டார், நன்றாகக் குளிர்கிறது என்று சொல்வதற்கு.